நான் வெட்டிய ‘ங்க’

பக்கத்து நாற்காலியில் இருப்பதாக நினைத்து இன்றைக்கும் நான் பேச்சுக் கொடுத்துவிடுகிற என் அன்பு மாப்பிள்ளை தனபாலுக்கு,

அடுத்த மாதம் உங்களுக்கு வருஷத் திதி. நாமக்கல் லாரிக்காரர்களிடம் சுற்றுகிற மாத இதழில் கடைசிப் பக்கங்களைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். படம் போட்டு, மாலை வரைந்து, கீழே குடும்பத்தார் பெயரை அடுக்குகிற பக்கங்கள் அவை. படம் வேண்டாம், கடிதம் போடவேண்டும் என்றதும் இதழ்க்காரர் தயங்கினார். “செத்தவங்களுக்குக் கடுதாசி எழுதி என்னங்க ஆவப்போவுது?” என்று கேட்டார். உயிரோடு இருக்கிறவர்கள் படிக்கத்தான் என்றேன்.

முதலில் செய்திகள். சூரமங்கலத்து மாடி அறையை இன்னும் காலி செய்யவில்லை. ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதே மாதிரிதான் நடுங்குகிறது. உங்கள் மேசையில் இப்போது என் தங்கை, உங்கள் சுமதி, உட்காருகிறாள். முதல் நாளே உங்கள் நாற்காலியை உயரம் குறைத்துக்கொண்டாள். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாள் போலிருக்கிறது. வாடிக்கையாளர் பட்டியல், பில், கடிதப் போக்குவரத்து எல்லாம் அவள் கையில் வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் உங்களைவிட வேகமாகத் தட்டுகிறாள்.

இதைப் படிக்கப்போகிற பாதிப் பேருக்கு நாம் என்ன வேலை செய்தோம் என்று தெரியாது. அவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். லோடு கொடுக்கிற ஆலைக்கு ஒரு கம்ப்யூட்டர் முறை இருக்கிறது. லாரி ஆபீசுக்கு வேறொன்று. டிரைவரின் போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிற நிறுவனத்துக்கு இன்னொன்று. ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியாது. முதல் இரண்டும் எக்ஸ்எம்எல் என்ற வடிவில் செய்தி அனுப்பும். மூன்றாவதற்கு வெறும் எழுத்து வரிதான் வேண்டும். நடுவில் உட்கார்ந்து அதை இதாக மாற்றிக் கொடுப்பது நம் நிரல்.

எக்ஸ்எம்எல் என்றால் என்ன என்று லாரி ஆபீஸ் முதலாளி கேட்டபோது நீங்கள் சொன்ன பதிலை இன்றைக்கும் அவர் மற்றவர்களிடம் சொல்கிறார். “அட்டையில அடுக்குன முட்டை மாதிரிங்க. வண்டி நெம்பருக்கு ஒரு குழி, ஊரு பேருக்கு ஒரு குழி, எடைக்கு ஒரு குழி. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. டிரைவர் போனுக்குப் போறது அதையே டம்ளர்ல ஒடச்சு ஊத்துனதுங்க. ஓடு உழுகாம ஊத்தறதுதான் எங்க வேலைங்க.” முட்டைக்காரர்கள் ஊரில் அதற்கு மேல் விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. நான் படம் போட்டு அரை மணி நேரம் விளக்கியது வீணாய்ப் போனது.

அந்த நிரலை நீங்கள் எழுதினீர்கள், நான் குறை சொன்னேன். நம் கூட்டுத் தொழில் அப்படித்தான் நடந்தது. வருகிற ஒவ்வொரு எக்ஸ்எம்எல் செய்தியையும், ஒரு புள்ளி குறையாமல், அப்படியே ஒரு நீளமான எழுத்து வரியாக ‘மூலம்’ என்று பெயரிட்ட தனிப் பத்தியில் சேமித்து வைத்துவிட்டுத்தான் பிறகு உடைக்கவே ஆரம்பிப்பீர்கள். இடம் அடைக்கிறது, குப்பை சேர்க்கிறீர்கள் என்று எத்தனை முறை கத்தியிருப்பேன். “இருக்கட்டுமுங்க மச்சான். நாம ஒடைக்கறதுல தப்பு வந்தா எதப் பாத்துத் திருத்தறது?” என்பீர்கள். தப்பு செய்யப்போகிறவன் மாதிரியே பேசுகிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

இன்னொரு சண்டை குறிப்புக் கட்டம் பற்றியது. ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும் லாரி ஆபீசில் மல்லிகா தன் கையால் தட்டுகிற சில வரிகள் வரும். அது தனிச் செய்தியாக டிரைவருக்குப் போகும். மற்ற கட்டங்களில் நீங்கள் தாராளமாகக் கை வைத்தீர்கள். எண்களுக்கு முன்னால் நிற்கும் சைபர்களை எடுத்தீர்கள், ஆலையின் நீளப் பெயரைச் சுருக்கினீர்கள். குறிப்பை மட்டும் தொட விடவில்லை. “மத்த கட்டமெல்லாம் மிசினு பேசறதுங்க மச்சான். இதுல மட்டுந்தான் ஆளு பேசறாங்க. வந்தது வந்தபடி போகட்டுமுங்க” என்றீர்கள்.

நீங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம். நாயைக்கூட “அந்தண்ட போங்க” என்று விரட்டுகிற ஆள். செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் ஆட்டோவுக்கும் மூட்டைக்கும் நடுவில் வளர்ந்த எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே பட்டது. எங்கள் வீட்டிலும் மரியாதை உண்டு. சுமதி பேச ஆரம்பித்த நாளிலிருந்து என்னை வாங்க, போங்க என்றுதான் கூப்பிடவேண்டும் என்று அப்பா பழக்கி வைத்திருந்தார். ஆனால் அது பெரியவர்களுக்கு. நீங்கள் எல்லோருக்கும் இறைத்தீர்கள். கம்ப்யூட்டர் நின்று போனால்கூட “ஏனுங்க, என்னாச்சுங்க” என்று அதனிடம் கேட்டீர்கள். நான் சிரித்தேன், சுமதியும் சிரித்தாள்.

அப்புறம் ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துபோனது. அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

நீங்கள் போய் இரண்டு மாதம் இருக்கும். லாரி ஆபீசிலிருந்து ஒரு புகார் வந்தது. குறிப்புச் செய்திகள் முன்னுக்குப் பின்னாக வருகின்றன என்றார்கள். காரணம் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். தமிழில் எழுபது குறிக்கு மேல் போனால் செய்தி இரண்டு துண்டாகப் பிரியும். ‘கு’ என்பது நமக்கு ஓர் எழுத்து, போனுக்கு இரண்டு குறி. பழைய பட்டன் போன்களில் சில சமயம் இரண்டாம் துண்டு முதலில் வந்துவிடும். டிரைவர் வாலைப் படித்துவிட்டுத் தலையைத் தேடுவார்.

சுருக்கி எழுது என்று மல்லிகாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மனிதர்களைத் திருத்துவதைவிட நிரலைத் திருத்துவது எனக்கு எப்போதும் சுலபம். அவள் எழுதிய பழைய குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு எங்கே வெட்டலாம் என்று கோடு போட்டுப் பார்த்தேன். எங்கு பார்த்தாலும் ‘ங்க’. வரிக்கு இரண்டு, மூன்று. ஒரு ‘ங்க’வுக்கு மூன்று குறி வீண். கூடவே அண்ணா, சாமி, கொஞ்சம். “கொஞ்சம் பாத்து வாங்க சாமி” என்று எழுதினால் அதில் செய்தி என்று என்ன இருக்கிறது? இவற்றையெல்லாம் ஒரு பட்டியலாக்கி ‘வீண் சொற்கள்’ என்று பெயர் வைத்தேன். அந்தப் பட்டியலில் இருப்பதை வெட்டிவிட்டு மீதியை அனுப்பு என்று உங்கள் நிரலுக்குள் எழுதினேன். உங்களிடம் கேட்க நீங்கள் இல்லை, அது எனக்கு அன்று வசதியாகவும் இருந்தது.

முதல் நாளே சங்ககிரி ‘சகிரி’ ஆனது. சரி, சொல்லின் கடைசியில் வந்தால் மட்டும் வெட்டு என்று மாற்றினேன். மறுநாள் “ஆலை கேட்டுகிட்ட தூங்க எடம் இருக்குதுங்க” என்று மல்லிகா அனுப்பியது “ஆலை கேட்டுகிட்ட தூ எடம் இருக்குது” என்று போய்ச் சேர்ந்தது. அந்த டிரைவர் ஆபீசுக்குப் போன் போட்டு, “எதுக்குங்க என்னையத் துப்பறீங்க?” என்று கேட்டிருக்கிறார். ‘சரக்கு இறங்க’ என்பது ‘சரக்கு இற’ ஆனது. ஒவ்வொன்றாகப் பிடித்து விதிவிலக்குப் போட்டேன். தூங்க, இறங்க, தங்க, இங்க, நாங்க. ‘வேண்டாமுங்க’ என்பதை ‘வேண்டாமு’ என்று மொட்டையாக விடாமல் ‘வேண்டாம்’ என்று புள்ளி வைத்து முடிக்கக்கூட வழி செய்தேன். ‘வாங்க’ என்பது வரச் சொல்வதா, எதையாவது வாங்குவதா என்பதற்கே இரண்டு நாள் ஆனது. எல்லாம் முடிந்தபோது எனக்கு என்னவோ சாதித்த மாதிரி இருந்தது. செய்திகள் துண்டாகாமல் போயின. முதலாளி பாராட்டினார்.

‘தூ’ என்று வந்ததற்குப் போன் போட்டுக் கேட்டார்கள். ‘நீ’, ‘வா’, ‘போ’ என்று வந்ததற்கு ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்காததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

செங்கோடனை உங்களுக்குத் தெரியும். அந்த லாரி ஆபீசில் இருபது வருஷத்துக்கு மேலாக ஓட்டுகிறவர். அவருடைய போனில் தமிழ் எழுத்து தெரியும்படி நீங்கள்தான் அமைத்துக் கொடுத்தீர்கள். ஒருநாள் மேட்டூர்ப் பக்கத்து ஆலைக்கு லோடு எடுக்கப் போயிருந்தார். அந்த ஆலையில் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அவர் உள்ளே இருந்த நேரத்தில் அவருடைய மனைவிக்குத் தாங்கமுடியாத வயிற்று வலி. மகன் திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஆபீசுக்குப் போன் செய்தான். மல்லிகா யோசித்தாள். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினால் பதறிக்கொண்டு வண்டி ஓட்டுவார். வீட்டுக்கு வந்ததும் தெரிந்துகொள்ளட்டும் என்று இப்படித் தட்டினாள்:

“அண்ணா, நீங்க லோடு ஏத்த வேண்டாமுங்க. வண்டிய செட்டுல உட்டுட்டு ஊட்டுக்குப் போங்க.”

எழுபத்தொன்பது குறி. என் பட்டியல் அதில் பதினாறைக் குறைத்து, அறுபத்து மூன்றாக்கி, துண்டாகாமல் ஒரே செய்தியாக அனுப்பியது:

“நீ லோடு ஏத்த வேண்டாம். வண்டிய செட்டுல உட்டுட்டு ஊட்டுக்குப் போ.”

நிரல் கொஞ்சமும் பிசகவில்லை. நான் சொன்னதைத்தான் செய்தது.

லோடு ஏற்றும் முறை வருவதற்குள் கேட்டுக்கு வந்து போனை வாங்கிப் பார்த்த செங்கோடன், காலி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் லாரிகள் நிற்கும் சங்ககிரிச் செட்டில் நிறுத்தினார். சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்தார், சீட்டுக்கு அடியில் இருந்த தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். வீட்டுக்குப் போனபிறகுதான் மனைவியின் சங்கதி தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஆபரேஷன் நடந்தது, அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். ஆனால் ஆபீஸ் செய்திக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வேலையும் போய்விட்டது, வீட்டிலும் இப்படி, ஒரே நாளில் இரண்டு இடி என்று எடுத்துக்கொண்டார். மல்லிகா போன் செய்தால் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி அலைச்சல் என்று இவளும் விட்டுவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து முதலாளி திருச்செங்கோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் செங்கோடனைப் பார்த்திருக்கிறார். பார்த்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். முதலாளி விடாமல் பக்கத்தில் போய் என்ன கோபம் என்று கேட்க, போனை எடுத்து அந்தச் செய்தியைக் காட்டிவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாராம்.

மறுநாள் என்னையும் மல்லிகாவையும் முதலாளி கூப்பிட்டார். “இருவது வருசம் ஓட்டுன மனுசன நீ போன்னு எழுதறதுக்கு உனக்கு ஆரும்மா சொன்னது? வேலை வேண்டாமுன்னு எழுதிக் குடுத்துட்டு நின்னுக்க” என்று மல்லிகாவைப் பார்த்துச் சொன்னார். அவள் அழுதாள். “சத்தியமா நான் ‘ங்க’ போட்டுத்தானுங்க அடிச்சேன்” என்றாள். எனக்கு அந்த நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது.

அவள் மேல் தப்பில்லை, நிரலில் இருக்கும் கோளாறு என்று நான் சொன்னேன். அது வரைக்கும் சரிதான், இல்லையா மாப்பிள்ளை? முதலாளி திரும்பி, “தனபாலு எழுதுனதுங்களா?” என்று கேட்டார். ஆமாங்க என்றேன். பாருங்கள், தேவையில்லை என்று நான் வெட்டிய ‘ங்க’ அங்கே தானாக வந்து ஒட்டிக்கொண்டது. “என்னமோ போங்க. போன மனுசன என்ன கேக்கறது. சரி பண்ணி உடுங்க” என்று அவர் எழுந்தார். மல்லிகாவின் வேலையைக் காப்பாற்றிவிட்டேன் என்று கீழே இறங்கும்போது எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன்? இதுவரைக்கும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. பாராட்டிய மனிதரின் முன்னால் முட்டாளாக நிற்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். உங்கள் பெயர் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது.

அன்று சாயங்காலம் அறைக்கு வந்தபோது செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது. மல்லிகா சுமதியிடம் போனில் சொல்லியிருக்கிறாள். சுமதி மேசையில் இருந்தபடியே, “அண்ணா, நீங்க மொதல்ல ஒக்காருங்க” என்றாள். உட்கார்ந்தேன். “அவரா மரியாத இல்லாம எழுதி வெச்சாரு?” என்று கேட்டாள். அவசரத்தில் எழுதியிருப்பார், யாருக்கும் நடக்கிறதுதான் என்றேன். “சரிங்கண்ணா” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

பட்டியலை அன்றைக்கே அழித்துவிட்டேன். ஆனால் செங்கோடன் வரவில்லை. கம்ப்யூட்டர் செய்த கோளாறு என்று முதலாளியே போன் செய்து சொல்லியும் அவர் நம்பவில்லை. “கம்ப்யூட்டரு என்னைய நீ, போன்னு பேசுமுங்களா? ஆராச்சும் பேசச் சொன்னாத்தானுங்க பேசும்” என்று கேட்டிருக்கிறார். அதில் பிழை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆதாரம் ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு நேரில் போய்வாருங்கள் என்று முதலாளி என்னை அனுப்பினார்.

ஆதாரம் உங்கள் ‘மூலம்’ பத்தியில் இருந்தது. நான் குப்பை என்ற அதே பத்தி. தேதியைப் போட்டுத் தேடியதும் அந்தச் செய்தி முழுசாக, எக்ஸ்எம்எல் குறிகளோடு, ஒரே நீள வரியாக வந்து நின்றது. வண்டி எண், ஆலை, நேரம், எல்லாவற்றுக்கும் கடைசியில் குறிப்பு. அண்ணாவும் இருந்தது, மூன்று ‘ங்க’வும் இருந்தன. அதை அப்படியே அச்செடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

செங்கோடன் வீட்டில் அவர் மனைவிதான் வாசலுக்கு வந்தார். வயிற்றில் கை வைத்தபடி மெதுவாக நடந்தார். “வாங்க சாமி, உள்ள வாங்க” என்றார். நான் யாரென்றுகூட அவருக்குத் தெரியாது. செங்கோடன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், எழுந்து கட்டிலை எனக்குக் காட்டிவிட்டு நின்றுகொண்டார். தாளைக் கொடுத்தேன். குறிகளுக்கு நடுவில் விரலை ஓட்டித் தேடி, குறிப்பைக் கண்டுபிடித்து, உதட்டை அசைத்துப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

“மல்லிகா புள்ள இப்படித்தான் எழுதுச்சுங்களா?”

“ஆமாங்க. உங்க வீட்ல உடம்பு சரியில்லைன்னு தெரிஞ்சு எழுதினது.”

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். தாளை மடிப்பு மாறாமல் மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“ஒண்ணு சொல்றனுங்க. தனபாலுங்க இருந்த வரைக்கும் மெசேஜு மரியாதையா வந்துட்டிருந்துச்சு. அவரு போயி கொஞ்ச நாள்லயே எங்க எல்லாத்துக்கும் வா, போன்னு வர ஆரம்பிச்சிருச்சுங்க. நாங்க செட்டுல பேசிக்குவோம். அந்த மனுசனோட அதுவும் போயிருச்சு பாருன்னு.”

ஆபீசில் யாருக்கும் தெரியாதது செட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, மாப்பிள்ளை. நீங்கள் எழுதியது எது, எழுதாதது எது என்று அவர்கள் நிரலைப் பார்க்காமலே பிரித்து வைத்திருந்தார்கள்.

“மொதலாளி என்னமோ அவரு எழுதுனதுல கோளாறுங்கறாரு. அவரு உசுரோட இருக்கறப்ப வராத கோளாறு செத்தப்புறம் எப்படிங்க வரும்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

“அது நான் பண்ணினதுங்க” என்றேன். வெட்டியதையும் சொன்னேன், உங்கள் பெயரைச் சொன்னதையும் சொன்னேன்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. “செத்தவரு எந்திரிச்சு வந்து இல்லீன்னு சொல்ல மாட்டாருங்கற தைரியமுங்களா?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அந்த அம்மாள் கொண்டுவந்த மோரை நான் வாங்கிக் குடித்தேன், வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்கு முகம் இல்லை. கிளம்பும்போது செங்கோடன் வாசல் வரைக்கும் வந்தார். “நான் வண்டிக்கு வாரனுங்க. எனக்குத் தப்பு பண்ணுனத உடுங்க, தெரியாமப் பண்ணுனீங்க. அவரு மேல போட்டது தெரிஞ்சு பண்ணுனதுங்க. அத நீங்கதான் நாலு பேரு கேக்க எறக்கி வெக்கோணும்.”

அடுத்த நாளே முதலாளியிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் மேசைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “தனபாலப் பத்தி நானும் ரெண்டு பேருகிட்டச் சொல்லிப்போட்டனுங்களே” என்றார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மல்லிகாவிடம் சொன்னபோது அவள் குறிப்பு தட்டிக்கொண்டே இருந்தாள். செங்கோடன் அந்த வாரமே வண்டி எடுத்தார். நாலு பேர் கேட்கவேண்டும் என்றாரே, அதற்குத்தான் இந்தப் பக்கங்கள்.

சுமதியிடம் மட்டும் சொல்லாமலே நாளைக் கடத்தினேன். தினமும் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்துகொண்டு எப்படிக் கடத்தினேன் என்று கேட்காதீர்கள். நேற்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது இந்தக் கடிதத்தை இதுவரைக்கும் படித்துக் காட்டினேன். அவள் கை நிற்கவில்லை. படித்து முடித்த பிறகும் இரண்டு மூன்று தண்டைக் கிள்ளிப் போட்டாள்.

“தெரியும்” என்றாள். “நான் கேட்ட அன்னைக்கே தொறந்து பாத்தேன். பட்டியல் சேத்த எடத்துல அவரு பேருதான் இருந்துச்சு. தேதியும் இருந்துச்சு. அவரு போயி ரெண்டு மாசம் ஆனப்புறம்.”

எந்த மாற்றத்தை யார், எப்போது செய்தார்கள் என்று நம் கம்ப்யூட்டர் தானாகவே எழுதி வைக்கும். அதை நான் உங்கள் பெயரிலேயே திறந்து வேலை செய்துகொண்டிருந்தேன், மாற்றிக்கொள்ளச் சோம்பல். நான் வாயால் பொய் சொல்வதற்கு முன்பே அந்தப் பொய் அங்கே எழுதப்பட்டிருந்தது. இறந்துபோன புருஷன் வந்து நிரலை மாற்றிவிட்டுப் போனதாக இருந்த அந்த வரியை அவள் தனியாக உட்கார்ந்து படித்திருக்கிறாள். அதற்குப் பிறகும் இத்தனை நாள் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

“அப்ப ஏம்மா என்னைக் கேக்கலை?”

“நீயே சொல்றியான்னு பாத்தேன்” என்றாள். “இத அப்படியே போடு. ஒரு எழுத்தும் கொறைக்காத.”

கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என் தங்கை என்னை ‘நீ’ என்று சொன்னது இதுதான் முதல் தடவை, மாப்பிள்ளை. வாய் தவறி வந்திருக்கும் என்று சாயங்காலம் வரைக்கும் சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு “இந்தா” என்றாள். இன்று காலை அறைக்குக் கிளம்பும்போது “சாவிய எடுத்துக்க” என்றாள். அவள் கோபமாக இல்லை. பார்த்து, யோசித்து, ‘ங்க’வை எடுத்துவிட்டிருக்கிறாள்.

வலிக்கிறது. செங்கோடன் ஆலை கேட்டில் நின்று அந்தச் செய்தியைப் படித்தது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு நேற்றுவரை தெரியாது. தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவளிடம் அந்த மரியாதையைத் திருப்பிக் கேட்கமாட்டேன் மாப்பிள்ளை, இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. உங்கள் திதியன்று முதலாளி, மல்லிகா, செங்கோடன், உங்கள் ஊர்ச் சனம் எல்லோரும் வருவார்கள். அவர்கள் முன்னால் நின்று இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படிப்பேன். அவள் என்னை வா என்றால் வருகிறேன், போ என்றால் போகிறேன். பழையபடி கூப்பிடுவது எப்போது என்பதை அவள் முடிவு செய்யட்டும். அது எத்தனை வருஷம் ஆனாலும் சரி.

உங்கள் பெயரைக் கெடுத்து, அதை உங்களிடமே சொல்லி நிற்கும் உங்கள் மச்சான்,
சுமதியின் அண்ணன்,
குமரேசன்